முடிவை மூடி வைத்துப் படிக்க வேண்டிய ஆட்டங்கள்

ஒரு செஸ் புத்தகம் கையில் வந்தால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். குறிப்பு எழுதியவர் எங்கே நின்று எழுதுகிறார்? ஆட்டம் முடிந்த பிறகு, யார் ஜெயித்தார் என்று தெரிந்துகொண்டு, அங்கிருந்து திரும்பிப் பார்த்து எழுதுகிறாரா? அல்லது பதினெட்டாவது நகர்த்தலில், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, அடுத்து என்ன ஆடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரரின் பக்கத்தில் நின்று எழுதுகிறாரா? கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் முதல் வகை. இரண்டாவது வகையில் வருபவை சிலதான். என் அலமாரியில் அட்டை கிழிந்து, பக்கம் தளர்ந்து நிற்பவை அந்தச் சிலதான்.

முதல் வகையிலும் நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. இர்விங் செர்னெவ் 1957ல் எழுதிய 'லாஜிக்கல் செஸ்: மூவ் பை மூவ்' அப்படிப்பட்டது. 33 ஆட்டங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் விளக்கம் உண்டு. ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவதற்குக்கூட, அப்படி ஆரம்பிக்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் சலிக்காமல் காரணம் சொல்வார். காய்களை எப்படி நகர்த்துவது என்பது மட்டும் தெரிந்த ஒருவர் கேட்டால் இன்றும் இந்தப் புத்தகத்தைத்தான் சொல்வேன். காய்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கின்றன என்பதை இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர் வேறு யாரும் இல்லை.

ஆனால் செர்னெவின் உலகத்தில் ஜெயித்தவர் செய்ததெல்லாம் திட்டம், தோற்றவர் செய்ததெல்லாம் தவறு. முதல் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1907ல் பெர்லினில் ஃபான் ஷேவேயும் டைக்மானும் ஆடியது. வெள்ளை ஒன்பதாவது நகர்த்தலில் ஹெச்3 என்று ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுகிறார் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை). கறுப்பு பன்னிரண்டாவதில் மந்திரியைக் கொடுத்து அந்தச் சிப்பாயை வெட்டுகிறார், பதினேழாவதில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. படித்து முடிக்கும் மாணவர் மனதில் தங்குவது "ஹெச்3 ஆடினால் தோற்போம்" என்ற பயம்தான். அதே நகர்த்தலைப் பெரிய கிராண்ட்மாஸ்டர்கள் நாள்தோறும் ஆடுகிறார்கள். அடுத்த நகர்த்தலில் வெள்ளை நடுவில் சிப்பாயை வெட்டி, ஏ7ல் காத்திருந்த கறுப்பு மந்திரிக்கு ராஜா வரைக்கும் பாதை திறந்துவிட்டாரே, அதை என்ன சொல்வது? முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் குற்றவாளியைத் தேடுவது சுலபம். கண்ணில் முதலில் படுபவர் மாட்டிக்கொள்வார்.

சரி, இதற்கு நேர் எதிரான புத்தகம் எது? நான் தயங்காமல் சொல்வது டேவிட் பிரான்ஸ்டைனின் 'சூரிச் 1953'.

அது கேண்டிடேட்ஸ் போட்டி. அதில் ஜெயிப்பவர் உலக சாம்பியன் பாட்வின்னிக்கை எதிர்த்து ஆடலாம். பதினைந்து பேர், ஒருவரோடு ஒருவர் இரண்டு முறை, மொத்தம் 210 ஆட்டங்கள். ஸ்மிஸ்லோவ் 18 புள்ளியோடு முதலிடம். பிரான்ஸ்டைன், கெரெஸ், ரெஷெவ்ஸ்கி மூவரும் 16 புள்ளியோடு அடுத்து. இரண்டு வருடத்துக்கு முன் பாட்வின்னிக்கோடு 12-12 என்று சமன் செய்து, பட்டத்தை மயிரிழையில் விட்டவர் பிரான்ஸ்டைன். இந்த முறையும் கிடைக்கவில்லை. அந்த மனிதர் உட்கார்ந்து, தன் ஆட்டங்களை மட்டும் அல்ல, 210 ஆட்டங்களுக்கும் குறிப்பு எழுதினார். போரிஸ் வைன்ஸ்டைன் என்ற நண்பரின் கையும் அந்த எழுத்தில் நிறைய உண்டு.

பிரான்ஸ்டைன் கிளைவழிகளை அடுக்கிக்கொண்டே போகமாட்டார். "இந்த இடத்தில் வெள்ளைக்கு என்ன கவலை? கறுப்பு எதை விரும்புகிறார்? ஏன் இந்தக் குதிரைக்கு அந்தக் கட்டம் மேல் ஆசை?" என்கிற மாதிரிதான் அவர் பேச்சு போகும். கிங்ஸ் இந்தியன் தற்காப்பு என்ற ஓப்பனிங்கில், அதாவது ஆட்டத் தொடக்க முறையில், கறுப்புக் கட்டங்களில் கறுப்புக்கு ஏன் உயிர் இருக்கிறது என்பதை நான் புரிந்துகொண்டது ஓப்பனிங் புத்தகங்களில் அல்ல, இங்கேதான்.

இந்தப் புத்தகத்தில் எல்லோரும் புகழ்வது அவெர்பாக்–கோட்டோவ் ஆட்டம். முப்பதாவது நகர்த்தலில் கோட்டோவ் ஒரு சிப்பாய்க்காக ராணியையே கொடுத்து வெள்ளை ராஜாவைப் பலகையின் நடுவுக்கு இழுத்து வருவார். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது ரெஷெவ்ஸ்கி–பெட்ரோசியன் ஆட்டத்துக்கு. வெள்ளைக்கு நடுவில் டி4லும் ஈ5லும் இரண்டு சிப்பாய்கள், பின்னால் யானைகள், மந்திரி. அந்தச் சிப்பாய்கள் நகர ஆரம்பித்தால் கறுப்பு நசுங்கிவிடும். கறுப்பின் யானைகள் தற்காப்பில் கட்டுண்டு கிடக்கின்றன. அப்போது 24 வயதான பெட்ரோசியன் தன் யானையை ஈ6ல் கொண்டுபோய் வைக்கிறார். மந்திரி வெட்டக்கூடிய கட்டம். எந்தச் செக்கும் இல்லை, எந்த மிரட்டலும் இல்லை. யானை போனால் அந்த இடத்துக்குத் தன் சிப்பாய் வரும், குதிரை ஈ7 வழியாக டி5க்குப் போய் உட்காரும், அதன் பிறகு வெள்ளையின் நடுச் சிப்பாய்கள் அசையவே முடியாது. அவ்வளவுதான் எண்ணம். ரெஷெவ்ஸ்கி யானையை வெட்டினார், குதிரை டி5ல் உட்கார்ந்தது, 41வது நகர்த்தலில் டிரா.

டிரா! முடிவிலிருந்து திரும்பிப் பார்த்து எழுதுகிறவர் கண்ணில் இந்த ஆட்டம் படவே படாது. ஒருவரும் ஜெயிக்கவில்லை, ராஜா ஓடவில்லை, மேட் இல்லை. அந்த நகர்த்தலில் நின்று பார்ப்பவருக்குத்தான் அதன் துணிச்சல் தெரியும். தாக்குவதற்காகக் காயைக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். ஒரு குதிரைக்கு நல்ல நாற்காலி வேண்டும் என்பதற்காக யானையைக் கொடுக்கும் எண்ணம் அப்போது எத்தனை பேருக்கு வந்திருக்கும்? இன்றைக்கு நம் ஊர் அகாடமிகளில் பத்து வயதுப் பிள்ளைகள்கூட இந்த வகைத் தியாகத்தைச் சாதாரணமாக ஆடுகிறார்கள். அதன் ஊற்றுக்கண்களில் ஒன்று இந்த டிரா.

அப்புறம் டால். மிகாயில் டாலின் 'லைஃப் அண்ட் கேம்ஸ்' ஒரு பத்திரிகையாளர் கேள்வி கேட்க, ஆட்டக்காரர் பதில் சொல்லும் வடிவில் போகும். அதில் வாசியுகோவோடு ஆடிய ஆட்டம் பற்றி ஒரு கதை வருகிறது. 1964-65ல் கீவ் நகரில் நடந்த சோவியத் சாம்பியன்ஷிப். டாலுக்கு ஒரு குதிரையைத் தியாகம் செய்ய ஆசை. கணக்குப் போடப் போட வழிகள் கிளை கிளையாகப் பெருகி, தலைக்குள் ஒரே குழப்பம். அந்த நேரத்தில் சுக்கோவ்ஸ்கியின் குழந்தைப் பாட்டு ஒன்று நினைவுக்கு வந்துவிடுகிறது: சதுப்பு நிலத்திலிருந்து நீர்யானையை இழுப்பது எவ்வளவு கஷ்டம் என்கிற பாட்டு. உலக சாம்பியனாக இருந்த மனிதர் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, நீர்யானையை எப்படி வெளியே எடுப்பது என்று யோசிக்க ஆரம்பிக்கிறார். ஜாக்கி வைத்துத் தூக்கலாமா, நெம்புகோலா, ஹெலிகாப்டரா, கயிற்றேணியா? எதுவும் சரிப்படவில்லை. கடைசியில், போகட்டும், மூழ்கட்டும் என்று விட்டுவிடுகிறார். நீர்யானை மறைந்ததும் பலகையும் தெளிவாகிவிடுகிறது. இதைக் கணக்குப் போட்டு முடிக்க முடியாது, உள்ளுணர்வை நம்பித்தான் ஆக வேண்டும் என்று புரிந்து குதிரையைக் கொடுக்கிறார், ஜெயிக்கிறார். மறுநாள் பத்திரிகையில், டால் நாற்பது நிமிடம் ஆழ்ந்து யோசித்துத் துல்லியமாகக் கணக்கிட்ட தியாகத்தைச் செய்தார் என்று செய்தி.

செஸ் எழுத்தைப் பற்றி நான் சொல்ல நினைப்பது முழுக்க இந்தக் கதையில் இருக்கிறது. பத்திரிகைக்காரர் பொய் எழுதவில்லை. அவர் முடிவிலிருந்து பின்னோக்கிப் போனார், அங்கே நிச்சயம் கணக்கு இருந்திருக்கும் என்று நம்பினார். பலகைக்கு முன்னால் இருந்ததோ சேறும் நீர்யானையும்.

1960ல் பாட்வின்னிக்கைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கிய போட்டி பற்றி டால் எழுதிய இன்னொரு புத்தகமும் இதே நேர்மையோடு இருக்கும். 21 ஆட்டங்கள், 12½-8½. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் என்ன மனநிலை, எதற்குப் பயந்தார், எதிராளி எதற்குப் பயப்படுவார் என்று நினைத்தார், எல்லாம் வரும். ஆறாவது ஆட்டத்தில் அவர் 21வது நகர்த்தலில் குதிரையை எஃப்4ல் வைத்துக் கொடுத்துவிட, மாஸ்கோ புஷ்கின் தியேட்டரில் கூடியிருந்தவர்களின் சத்தம் தாங்காமல் ஆட்டத்தையே உள்ளே ஓர் அறைக்கு மாற்றினார்கள். தியாகத்தை முறியடிக்க வழி இருந்தது என்று பின்னால் ஆய்வில் தெரிந்தது. அதனால் அந்த நகர்த்தல் தவறு என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. அந்த நாற்காலியில், அந்தக் கடிகாரத்தோடு, பாட்வின்னிக்கால் அந்த வழியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. டால் கேட்ட கேள்வியே "உன்னால் முடியுமா?" என்பதுதான்.

பாபி ஃபிஷரின் 'மை 60 மெமரபிள் கேம்ஸ்' 1969ல் வந்தது. ஃபிஷர் பெயரைச் சொன்னால் எல்லோரும் குறிப்பிடுவது அவர் 13 வயதில் டொனால்ட் பைர்னை வென்ற ஆட்டம், 'நூற்றாண்டின் ஆட்டம்' என்று பெயர் வாங்கியது. அது இந்தப் புத்தகத்தில் இல்லை. ஆனால் டாலிடமும் ஸ்பாஸ்கியிடமும் கெல்லரிடமும் தோற்ற மூன்று ஆட்டங்கள் இருக்கின்றன, பல டிராக்களும் இருக்கின்றன. உலகத்திலேயே ஜெயிப்பதை அதிகம் விரும்பிய மனிதர் தேர்ந்தெடுத்த அறுபது இவை.

அதிலும் 1962ல் வார்னா ஒலிம்பியாடில் பாட்வின்னிக்கோடு ஆடிய ஆட்டம் தனி. இருவரும் நேருக்கு நேர் பலகையில் சந்தித்தது அந்த ஒரு தடவைதான். பாட்வின்னிக் வீட்டில் தயாரித்து வைத்திருந்த வழியை, கறுப்பாக ஆடிய ஃபிஷர் பலகையிலேயே ராணியை எஃப்4க்குக் கொண்டுபோய் உடைத்துவிடுகிறார். ஆட்டம் பாதியில் நிறுத்திவைக்கப்படுகிறது. ராத்திரி முழுக்க சோவியத் அணி மண்டையை உடைத்துக்கொள்ள, கெல்லர் ஒரு தற்காப்பைக் கண்டுபிடிக்கிறார். மறுநாள் டிரா. ஃபிஷர் தன் புத்தகத்தில், யானை எண்ட்கேமில் தனக்கு வெற்றி இருந்தது என்று வழி காட்டி வாதாடினார். பாட்வின்னிக் பதில் எழுதினார். பாட்வின்னிக்கின் செஸ் பள்ளியில் படித்த சிறுவன் ஒருவன் அதை அலசி, கறுப்புக்கு வெற்றி இல்லை என்று காட்டினான். அந்தச் சிறுவன் காஸ்பரோவ். ஒரு ராத்திரி ஆய்வில் ஆரம்பித்த சண்டை இன்னொரு தலைமுறை வரைக்கும் போனது. எழுதியவர் தன் எண்ணத்தை மறைக்காமல் வைத்ததால்தான் அடுத்தவர் வந்து மறுக்க முடிந்தது.

காஸ்பரோவே பின்னால் எழுதிய 'மை கிரேட் பிரெடிசெசர்ஸ்' ஐந்து பாகங்களும் பயனுள்ளவை. சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்ப்பேன். ஆனால் அதில் பழைய உலக சாம்பியன்களான லாஸ்கரும் காப்பாபிளாங்காவும் நமக்குப் பக்கத்தில் வந்து உட்காருவதில்லை, கம்ப்யூட்டர் முன்னால் நிறுத்தி மதிப்பெண் போடப்படுகிறார்கள்.

எஞ்சினை, அதாவது நகர்த்தல்களை எடைபோடும் கம்ப்யூட்டர் நிரலை, நான் எதிர்க்கவில்லை. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நேரலையில் பலகை ஓரமாக ஏறி இறங்கும் அந்த மதிப்பீட்டுப் பட்டை, ஆட்டம் முடிவதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுகிறது. பட்டை சரிந்ததும் "பிளண்டர்!" என்று கத்துகிறோம். நம்மில் எத்தனை பேர் அந்தப் பட்டை இல்லாமல் அதைக் கண்டுபிடித்திருப்போம்? பட்டையை மறைத்துவிட்டுப் பார்த்தால்தான் ஆட்டம் முழுசாகக் கிடைக்கிறது.

பழைய ஆட்டங்களில் எனக்கு மிகப் பிடித்தது ராட்லெவி–ரூபின்ஸ்டைன், லோட்ஸ், 1907. கறுப்பு ரூபின்ஸ்டைன். 22வது நகர்த்தலில் அவருடைய ராணி ஹெச்4ல் சிப்பாயின் வாயில் நிற்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு யானையால் சி3 குதிரையை வெட்டுகிறார். ராணியை எடுத்துக்கொள் என்கிறார். எடுத்ததும் இன்னொரு யானையை டி2ல், வெள்ளை ராணிக்குப் பக்கத்திலேயே, கொண்டுபோய் வைக்கிறார். 25வதில் யானை ஹெச்3க்கு வந்து நிற்க, ராட்லெவி விட்டுக்கொடுத்துவிடுகிறார். கறுப்பின் எல்லாக் காய்களும் ஒரே திசையில் சுடுகின்றன. தோற்றவரைப் பற்றி ஒரு வார்த்தை: ராட்லெவி இந்த ஆட்டத்தால் மட்டுமே நினைக்கப்படுகிறார். 1911ல் கார்ல்ஸ்பாட்டில் 26 பேர் ஆடிய பெரிய போட்டியில் நான்காவதாக வந்தவர் அவர். அதன் பிறகு நோய் அவருடைய செஸ் வாழ்க்கையை முடித்துவிட்டது. அந்த நான்காம் இடத்து ஆட்டங்களை யார் படிக்கிறார்கள்?

இந்த ஆட்டத்தைத் தெரிந்த எவருக்கும் 2013 ஜனவரியில் விக் ஆன் ஸீயில் ஆனந்த் அரோனியனை வென்றதைப் பார்த்தபோது உடனே 1907 ஞாபகத்துக்கு வந்திருக்கும். அங்கும் கறுப்பு. அதே மாதிரி இரண்டு மந்திரிகளும் பக்கத்துப் பக்கத்து மூலைவிட்டங்களில் ராஜாவைக் குறிவைக்கின்றன, குதிரை ஜி4ல். அரோனியன் ஹெச்7 சிப்பாயை வெட்டி ஒரு குதிரையை அங்கே நிறுத்தியிருக்கிறார். ஆனந்த் பதினைந்தாவதில் மந்திரியை சி5ல் வைத்துக் கொடுக்கிறார், பதினாறாவதில் குதிரையை ஈ5ல் வைத்துக் கொடுக்கிறார். அந்தக் குதிரையைச் சிப்பாயால் வெட்டினால் என்ன ஆகும் என்று பலகையில் காய்களை வைத்துப் பாருங்கள்: ராணி டி4ல் செக், ராஜா மூலைக்கு, ராணி ஜி1ல் போய் விழும், யானை வெட்டியே ஆக வேண்டும், குதிரை எஃப்2ல் மேட். 23 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

மறுநாள் எல்லோரும் எழுதியது மேதைமை, மின்னல் என்று. ஆனந்தோ, இது 2012ல் கெல்ஃபாண்டுடன் ஆடிய உலக சாம்பியன்ஷிப்புக்காகத் தயாரித்து வைத்திருந்த வழியிலிருந்து வந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். எனக்கு அதனால் ஆட்டத்தின் மதிப்பு கூடுகிறது. தயாரிப்பை நினைவின் அடியிலிருந்து எடுத்து, சரியான வரிசையில், எதிரில் அரோனியன் உட்கார்ந்திருக்க ஆடுவது சின்ன வேலை இல்லை.

ஆனந்த் வளர்ந்தது சென்னையில் மானுவல் ஆரோன் 1972ல் சோவியத் கலாசார மையத்தில் தொடங்கிய டால் செஸ் கிளப்பில். ஆரோனைப் பற்றிச் சொல்லும்போது இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். கேண்டிடேட்ஸுக்கான தகுதிப் போட்டியான 1962 ஸ்டாக்ஹோம் இன்டர்ஸோனலின் அட்டவணையைப் பார்த்தால் அவர் பெயர் கடைசியில் இருக்கும். அட்டவணையை மூடிவிட்டு ஆட்டங்களைத் திறந்தால், போர்ட்டிஷை வென்றிருக்கிறார், ஊல்மானை வென்றிருக்கிறார். அதற்கு இரண்டு வருடம் முன்பு லைப்ஸிக் ஒலிம்பியாடில் முன்னாள் உலக சாம்பியன் ஆய்வேயை வென்றிருக்கிறார். பயிற்சியாளர், எஞ்சின், டேட்டாபேஸ் எதுவும் இல்லாத காலம். இந்த ஆட்டங்களை விரிவான தமிழ்க் குறிப்புகளோடு ஒருவர் புத்தகமாகப் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கடைசியாக குகேஷ். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், பதினான்காவது ஆட்டம். 6½-6½ என்று சமநிலை. டிரா ஆனால் மறுநாள் ரேபிட் எனும் வேக ஆட்டங்கள். டிங் லிரென் வெள்ளை. 55வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2ல் வைக்கிறார். குகேஷ் யானைகளை மாற்றுகிறார், மந்திரியை டி5ல் வைக்கிறார். வெள்ளை மந்திரி ஏ8 மூலையில் சிக்கிக்கொண்டிருப்பதால் அந்த மாற்றத்தையும் தவிர்க்க முடியாது. மிஞ்சுவது இரண்டு சிப்பாய்க்கு ஒரு சிப்பாய் என்ற எண்ட்கேம், அது தோல்வி. 58வதில் டிங் விட்டுக்கொடுக்க, 18 வயதில் உலக சாம்பியன்.

"டிங் தவறு செய்தார், குகேஷுக்குப் பட்டம் கிடைத்தது" என்று எழுதியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் 55வது நகர்த்தலில் இருந்து ஆரம்பிக்கிறார்கள். நான் கேட்டுக்கொள்வது, 54வது நகர்த்தலில் நிறுத்திப் பாருங்கள். யானை, மந்திரி, இரண்டு சிப்பாய் ஒரு பக்கம். யானை, மந்திரி, ஒரு சிப்பாய் மறுபக்கம். டிரா என்று எல்லோருக்கும் தெரியும், குகேஷுக்கும் தெரியும். கைகுலுக்கிவிட்டு ரேபிட்டுக்குத் தயாராகலாம். அவர் அதைச் செய்யவில்லை. ஆபத்தில்லாத ஒரே ஒரு அதிகச் சிப்பாயை வைத்துக்கொண்டு, எதிராளியை ஒவ்வொரு நகர்த்தலிலும் மறுபடி யோசிக்க வைத்துக்கொண்டே இருந்தார். மணிக்கணக்காகத் தற்காப்பு ஆடியவருக்கு அந்த யோசனை எவ்வளவு பாரம் என்பது ரேட்டிங் போட்டி ஒன்றில் மாலை வரைக்கும் உட்கார்ந்த எவருக்கும் தெரியும். அந்தத் தவறு அந்தப் பாரத்திலிருந்து வந்தது.

இந்தப் போட்டிக்கு எனக்கு ஒரு புத்தகம் வேண்டும். பதினான்கு ஆட்டங்களுக்கும் குகேஷும் டிங்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுத வேண்டும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்காமல். முதல் ஆட்டத்தில் கறுப்பாக ஆடி ஜெயித்த டிங் அன்று என்ன நினைத்தார், பன்னிரண்டாவதில் தோற்ற குகேஷ் அன்றிரவு என்ன செய்தார், கடைசி ஆட்டத்தின் 50வது நகர்த்தலில் இருவரும் பலகையில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதெல்லாம் அதில் வேண்டும். எஞ்சின் வழிகளைப் பின்னிணைப்பில் போட்டால் போதும். ஆட்டத்தின் முடிவை மட்டும் தயவுசெய்து ஒவ்வோர் அத்தியாயத்தின் தலைப்பிலும் போட்டுவிடாதீர்கள்.